ரீசெட் கன்ட்ரோலரை கெர்னலுக்கு எப்படிச் சொல்வது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நான் ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினம் பஸ்ஸில் போய் வருகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணகிரியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி எம்பெடட் லினக்ஸ், அதாவது சின்ன போர்டுகளில் ஓடும் லினக்ஸ் படிக்கிறோம். பர்கூர், ஊத்தங்கரை, பாலக்கோடு என்று பல பக்கமிருந்தும் வருகிறார்கள். கிளாக், இன்டரப்ட் எல்லாம் ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். ரீசெட் மட்டும் யாருக்கும் முதல் தடவையில் ஒட்டுவதில்லை. திங்கட்கிழமை பஸ் அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் வாட்ஸ்அப்பில் அதே கேள்வி வேறொருவரிடமிருந்து வந்து நிற்கும்.

அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். ஒரு விஷயம்: கோப்புகளில் இந்தப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இங்கே ஒலியை அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன், உதாரண வரிகளிலும் அப்படித்தான்.

அண்ணா, ரீசெட்னா போர்டுல இருக்கற அந்த பட்டன்தானே? அதுக்கு எதுக்கு தனியா ஒரு கன்ட்ரோலர்?

அந்த பட்டன் மொத்த போர்டையும் முதலிலிருந்து கிளப்புகிறது. நாம் பேசுவது சிப்புக்கு உள்ளே நடப்பது. ஒரு எஸ்ஓசிக்குள் (முழு கம்ப்யூட்டரையும் அடக்கிய ஒற்றைச் சிப்) சீரியல் போர்ட், ஈதர்நெட், யுஎஸ்பி, டிஸ்ப்ளே என்று எத்தனையோ தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனியாக ஒரு ரீசெட் லைன் போகிறது. லைனைப் பிடித்து வைத்தால் அந்தத் தொகுதி ஆரம்ப நிலையிலேயே முடங்கிக் கிடக்கும். விட்டால் வேலை செய்யும். இந்த லைன்கள் எல்லாம் வந்து சேரும் இடம் சில ரெஜிஸ்டர்கள் (மென்பொருள் எழுதவும் படிக்கவும் சிப்பில் உள்ள சிறு பெட்டிகள்), லைனுக்கு ஒரு பிட். அதுதான் ரீசெட் கன்ட்ரோலர். பம்ப்செட் ரூமில் ஒரே பலகையில் நாலு மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் வரிசையாக மாட்டியிருப்பது மாதிரி.

இரண்டு சொற்களை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். அசர்ட் என்றால் ரீசெட்டில் பிடித்து வைப்பது. டிஅசர்ட் என்றால் விட்டுவிடுவது. பாதிப் பேர் அசர்ட் என்பதை ‘ஆன் பண்றது’ என்று நினைத்துக்கொண்டு தலைகீழாக எழுதுகிறார்கள். அசர்ட் செய்தால் தொகுதி நிற்கும். லைனில் 0 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்பது இந்தச் சொற்களுக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம்.

அதை நாம ஏன் கெர்னலுக்குச் சொல்லணும்? யுஎஸ்பி குத்தினா தானா தெரிஞ்சுக்குதே?

யுஎஸ்பி, பிசிஐ சாதனங்கள், தாங்கள் யார் என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கேட்டால் பதில் சொல்லும். சிப்புக்குள் இருக்கும் ஈதர்நெட் தொகுதி அப்படிச் சொல்லாது. அது எந்த முகவரியில் இருக்கிறது, எந்த கிளாக் வருகிறது, எந்த ரீசெட் பிட் அதைப் பிடிக்கிறது என்று யாராவது எழுதித்தான் வைக்க வேண்டும். அந்த எழுத்துதான் டிவைஸ் ட்ரீ. 1994-இல் ஐஇஇஇ 1275 என்ற தரமாக வந்த ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து இறங்கி வந்தது இது.

நில அளவைப் புலப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். எல்லைக்கல் எங்கே, கிணறு எந்தப் புலத்தில், வண்டிப்பாதை எங்கே என்று அதில் இருக்கும். அங்கே கேழ்வரகு போடு, இங்கே மா வை என்று இருக்காது. டிவைஸ் ட்ரீயும் அப்படித்தான். கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்பதை மட்டும் சொல்லும். அதை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பது டிரைவர் (கெர்னலில் அந்தச் சாதனத்தை இயக்கும் நிரல்) வேலை. கீழே வரும் சந்தேகங்களில் முக்கால்வாசி, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை. அதே படத்தை, கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரான யூ-பூட்டும் படிக்கிறது, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளமும் படிக்கிறது, ஜெஃபிர் என்ற இன்னொரு இயங்குதளத்திலும் ரீசெட்ஸ் என்ற வரி (ப்ராபர்ட்டி) உண்டு. லினக்ஸ் டிரைவருக்கு வசதி என்பதற்காகப் படத்தை மாற்றி வரையக் கூடாது.

லினக்ஸில் இதற்கான பொது அடுக்கு 2013-இல், 3.10 கெர்னலில் வந்தது. எழுதியவர் பெங்குட்ரோனிக்ஸ் நிறுவனத்தின் ஃபிலிப் ஸாபெல். அதற்கு முன் ஒவ்வொரு சிப்காரரும் தனக்கென்று ஒரு ஃபங்ஷன் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, குறைஞ்சபட்சம் என்னதான் எழுதணும்?

ரீசெட்டைத் தருகிறவர் (கன்ட்ரோலர்) பக்கம் ஒரு வரி, வாங்குகிறவர் (சாதனம்) பக்கம் ஒரு வரி. ட்ரீயில் ஒவ்வொருவருக்கும் உள்ள பகுதிக்கு நோட் என்று பெயர். ரீசெட்டுக்குச் சம்பந்தப்பட்டதை மட்டும் காட்டுகிறேன், ரீசெட்-நேம்ஸ் வரி பற்றிக் கீழே வரும்:

```
ஆர்எஸ்டி: ரீசெட்-கன்ட்ரோலர்@10020000 {
        #ரீசெட்-செல்ஸ் = <1>;
};

ஈதர்நெட்@10050000 {
        ரீசெட்ஸ் = <&ஆர்எஸ்டி 37>;
        ரீசெட்-நேம்ஸ் = "எஸ்டிஎம்மேக்ஈத்";
};
```

‘&ஆர்எஸ்டி’ என்பது ஊர்ப் பெயர், 37 என்பது அந்த ஊரில் சர்வே எண். ஊருக்கு அப்புறம் எத்தனை எண் வரும் என்பதைத்தான் #ரீசெட்-செல்ஸ் சொல்கிறது. கன்ட்ரோலரில் இருப்பதே ஒரு லைன்தான் என்றால் அது 0, ஊர்ப் பெயர் மட்டும் போதும். பல லைன் இருந்தால் வழக்கமாக 1. இந்த வரியை தருகிறவர் நோடில் எழுத மறந்தால் வாங்குகிறவர் எழுதியதை யாராலும் படிக்க முடியாது.

அந்த 37 எங்கிருந்து வந்துச்சு? நானா ஒரு நம்பர் வச்சுக்கலாமா?

முடியாது. தருகிறவருடைய பைண்டிங் ஆவணம்தான் (ஒரு நோடில் எதை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் விதித்தாள்) அதற்குப் பொருள் சொல்ல வேண்டும். இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, எண்ணே பிட்டின் இடம். கெர்னலில் இருக்கும் ரீசெட்-சிம்பிள் டிரைவர் இப்படித்தான் கணக்குப் போடுகிறது: 37-ஐ 32-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 5. ஆக இரண்டாவது ரெஜிஸ்டரில் பிட் 5. பிட்டை 0-இலிருந்து எண்ண வேண்டும். மேனுவலைப் பார்த்து ‘ஆறாவது பிட்’ என்று 38 எழுதி, பக்கத்துத் தொகுதியைத் தட்டிவிட்டவர்கள் எங்கள் மாடியிலேயே இரண்டு பேர்.

இன்னொரு வழக்கம், 0, 1, 2 என்று வெறும் வரிசை எண் கொடுத்து, அவற்றுக்குப் பெயர் வைத்த ஹெடர் கோப்பு ஒன்றைச் சேர்ப்பது. எந்த எண்ணுக்கு எந்த ரெஜிஸ்டர், எந்த பிட் என்ற அட்டவணை டிரைவருக்குள் இருக்கும். ஆல்வின்னர் சிப்கள் இந்த வழி. வெளியான பின் இந்த எண்களை மாற்றவே கூடாது, கடைசியில் சேர்க்கலாம் அவ்வளவுதான். ஊரில் உட்பிரிவு புதிதாகப் போடலாம், இருக்கிற சர்வே எண்ணை மாற்றினால் பழைய பத்திரம் எல்லாம் என்ன ஆகும்? எண் வெறும் பிட் இடமாகவே இருந்தால் பைண்டிங்கில் ஹெடர் வைக்காதீர்கள், கெர்னலில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னர்கள் திருப்பி அனுப்புவார்கள். மேனுவலில் இருக்கும் எண்ணுக்கு எதற்கு இன்னொரு பெயர் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ரீசெட்-நேம்ஸ் கட்டாயமா? பேரு என்ன வேணா வைக்கலாமா?

ஒரே லைன் என்றால் பல டிரைவர்கள் பெயரே கேட்பதில்லை. இரண்டுக்கு மேல் போனால் வேண்டும். பெயர் வாங்குகிறவருடைய பார்வையில் இருக்க வேண்டும்: இந்தத் தொகுதிக்கு இது என்ன லைன் என்று. கன்ட்ரோலர் பக்கத்தில் அந்த லைனுக்கு உள்ள பெயரை இங்கே எழுதக் கூடாது. என்ன பெயர், எந்த வரிசை என்பதை அந்தச் சாதனத்தின் பைண்டிங் ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். நம் கற்பனைக்கு அங்கே இடம் இல்லை. நான் கற்பனை செய்த கதை கீழே வருகிறது.

ப்ரோப்ல எது முதல்ல? கிளாக்கா ரீசெட்டா?

ப்ரோப் என்றால் டிரைவர் தன் சாதனத்தை எழுப்பும் கட்டம். பொதுவான வரிசை: மின்சாரம், கிளாக், கொஞ்சம் காத்திருப்பு, பிறகு டிஅசர்ட். பல தொகுதிகளில் ரீசெட் உள்ளே போய்ச் சேர்வதற்கே சில கிளாக் துடிப்புகள் வேண்டும். கிளாக் ஓடாத நேரத்தில் பிடித்து விட்டால் ஒன்றும் நடந்திருக்காது. நிறுத்தும்போது தலைகீழ் வரிசை. இருந்தாலும் சிப் மேனுவல் வேறு மாதிரி சொன்னால் மேனுவல் சொல்வதுதான் சரி.

ரீசெட்டில் கிடக்கும் தொகுதியின் ரெஜிஸ்டரைப் படித்தால் என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். சில சிப்பில் பேசாமல் 0 வரும். சில சிப்பில் பஸ் (சிப்புக்குள் தகவல் போய்வரும் பாதை) பதிலுக்குக் காத்து அப்படியே உறைந்துவிடும், கன்சோலில் ஒரு எழுத்துகூட வராது. கர்சர் மட்டும் நின்றுகொண்டிருக்கும். லாகில் எதுவுமே இல்லாமல் போர்டு உறைந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கிளாக், இரண்டாவது ரீசெட்.

வீட்ல நல்லா ஓடுது, வெளிய எடுத்துட்டுப் போனா நெட்வொர்க் வரலை. ட்ரீ அதேதான். எப்படி?

இதற்கு என் சொந்தக் கதையே போதும். காவேரிப்பட்டினம் பக்கம் என் மாமா தோப்பில் சொட்டுநீர் வால்வுகளுக்கு ஒரு போர்டு வைத்தேன். வீட்டுக்கும் தோப்புக்கும் வயர்லெஸ் ரேடியோ, ரேடியோவிலிருந்து போர்டுக்கு ஈதர்நெட் கேபிள். ஓசூரில் மேசைமேல் இரண்டு வாரம் ஓடியது. தோப்பில் மாட்டினால் நெட்வொர்க் எழவே இல்லை. மோட்டார் ரூமில் கவிழ்த்த உரச்சாக்குமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கேபிளை மாற்றினேன், ரேடியோவை மாற்றினேன், ஆர்ஜே45 கனெக்டரைப் புதிதாகக் கிரிம்ப் செய்தேன். லாகில் பிஎச்ஒய் (ஈதர்நெட்டில் கேபிளோடு நேரடியாகப் பேசும் பகுதி) கிடைக்கவில்லை என்ற ஒரு வரி, அவ்வளவுதான். ரீசெட் என்ற சொல்லே எங்கும் இல்லை. மாமா இரண்டு தடவை வந்து, “என்னடா மாப்ளே, சாயங்காலம் தண்ணி விடலாமா வேணாமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். வீட்டில் கெர்னலை டிஎஃப்டிபி மூலம் நெட்வொர்க்கிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். அதற்காக யூ-பூட் ஈதர்நெட்டை எழுப்பி ரீசெட்டை விட்டுவிட்டது. கெர்னல் வந்தபோது லைன் ஏற்கெனவே விடுபட்டிருந்தது. தோப்பில் எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆனது. யூ-பூட் ஈதர்நெட்டைத் தொடவே இல்லை, கெர்னலும் விடவில்லை. ஏன் விடவில்லை? ரீசெட்-நேம்ஸில் நான் ‘ஈதர்நெட்’ என்று எழுதியிருந்தேன். டிரைவர் தேடியது ‘எஸ்டிஎம்மேக்ஈத்’. வேறு ஒரு போர்டுக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய வரி.

இன்னொன்றும் கவனியுங்கள். யாரும் உரிமை கோராத கிளாக்குகளை லினக்ஸ் பூட் முடியும் தறுவாயில் அணைத்துவிடும். ரீசெட்டில் அப்படி ஒரு துப்புரவு இல்லை, பூட்லோடர் விட்ட நிலையிலேயே கிடக்கும். அதனால் கிளாக் வரி தப்பானால் அன்றைக்கே தெரிந்துவிடும். ரீசெட் வரி தப்பானால் பூட்லோடர் மாறும் வரை தெரியாது. சோதிக்கும்போது ஒரு தடவையாவது மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து, நெட்வொர்க் பூட் இல்லாமல் எழுப்பிப் பாருங்கள்.

பேரு தப்புன்னா டிரைவர் எரர் அடிக்கணுமில்ல? ஏன் சும்மா இருந்துச்சு?

அந்த டிரைவர் ரீசெட்டை ‘ஆப்ஷனல்’ வகை அழைப்பால் கேட்கிறது. சில சிப்பில் அந்த லைனே கிடையாது என்பதால் அப்படி. ட்ரீயில் இல்லையென்றாலும், கேட்ட பெயர் பட்டியலில் இல்லையென்றாலும் கெர்னல் பிழை தராமல், ‘எதுவும் இல்லை’ என்று பொருள்படும் நல் பாயின்டரைத் தரும். அதன்மேல் டிஅசர்ட் என்று சொன்னால் எதுவும் செய்யாமல் ‘வெற்றி’ என்று திரும்பும். ஆப்ஷனல் இல்லாத அழைப்பாக இருந்திருந்தால் -2, அதாவது ‘அப்படி ஒன்று இல்லை’ என்று முகத்தில் அடித்திருக்கும், நானும் சாயங்காலத்துக்குள் தண்ணீர் விட்டிருப்பேன். ஆப்ஷனல் என்பதை ‘எரர் வராமல் இருக்க’ போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அதற்கானது அல்ல.

ரெண்டு டிவைஸுக்கு ஒரே ரீசெட் லைன் போகுது. என்ன பண்றது?

நிஜத்தில் அடிக்கடி நடப்பதுதான். ஒரு யுஎஸ்பி போர்ட்டுக்குப் பின்னால் இஎச்சிஐ, ஓஎச்சிஐ என்று இரண்டு கன்ட்ரோலர் இருக்கும், சில சிப்களில் ஒன்றின் ரீசெட்டையும் விடாமல் மற்றது எழாது. இரண்டு நோடிலும் அதே லைன்களை எழுதி, டிரைவர்கள் இரண்டும் ‘ஷேர்ட்’ வகை அழைப்பால் கேட்கின்றன.

ஷேர்ட் என்பது கூட்டுக் கிணறு. நாலு பங்காளிக்கு ஒரு மோட்டார். முதலில் தண்ணீர் வேண்டியவர் மோட்டாரைப் போடுகிறார். அடுத்தவர் வந்தால் ஏற்கெனவே ஓடுகிறது, மடையைத் திருப்பிக்கொண்டால் போதும். ஒருவர் முடித்துவிட்டார் என்று மோட்டாரை நிறுத்திவிட முடியாது, பக்கத்து வயலில் பாதிப் பாத்தி காய்ந்து நிற்கும். கடைசி ஆள் ‘போதும்’ என்றால்தான் நிற்கும். கெர்னலும் எத்தனை பேர் டிஅசர்ட் செய்தார்கள் என்று எண்ணி வைத்துக்கொள்கிறது. எல்லோரும் அசர்ட் சொன்ன பிறகே உண்மையில் லைனைப் பிடிக்கிறது. மோட்டாரே போடாதவன் நிறுத்த வந்தால், அதாவது டிஅசர்ட் செய்யாமலே அசர்ட் செய்தால், கெர்னல் எச்சரிக்கை அச்சடித்துப் பிழையும் தரும்.

இதில் ஒரு விலை உண்டு. ஷேர்ட் லைனை நீங்கள் அசர்ட் செய்து டிஅசர்ட் செய்தாலும், நடுவில் தொகுதி உண்மையிலேயே ரீசெட் ஆனதா என்று சொல்ல முடியாது. மற்றவர் லைனை இன்னும் விட்டே வைத்திருக்கலாம். ஆகவே ரெஜிஸ்டர்கள் ஆரம்ப மதிப்பில் இருக்கும் என்று நம்பி டிரைவர் எழுதாதீர்கள், எல்லாவற்றையும் நீங்களே எழுதிவிடுங்கள். நினைத்த நேரத்தில் கட்டாயம் ரீசெட் ஆகியே தீர வேண்டும் என்றால் சொந்த போர்வெல்தான் வழி, அதாவது ‘எக்ஸ்க்ளூசிவ்’.

கன்சோல்ல பெருசா ஒரு ஸ்டாக் ட்ரேஸ், கீழ -16. கெர்னல் செத்துடுச்சா?

சாகவில்லை. -16 என்றால் இ-பிஸி. ஒருவர் எக்ஸ்க்ளூசிவாக வாங்கிய லைனை இன்னொருவர் கேட்கிறார், அல்லது ஒருவர் ஷேர்ட் என்றும் மற்றவர் எக்ஸ்க்ளூசிவ் என்றும் கேட்கிறார்கள். இரண்டாவது ஆளுக்கு மறுப்பு. ட்ரேஸ் நீளமாக இருப்பதால் பயப்பட வேண்டாம், யார் கேட்டார் என்று காட்டத்தான் அது. முதலில் ட்ரீயில் அதே எண் இரண்டு நோடில் இருக்கிறதா என்று தேடுங்கள். எண் தப்பாக எழுதியதாலும் இது வரும், மேலே சொன்ன 38 கதையில் வந்தது இதுதான்.

அப்போ ட்ரீயில ‘ஷேர்ட்’னு எழுத எந்த ப்ராபர்ட்டி?

அப்படி ஒன்று கிடையாது, இருக்கவும் வேண்டாம். இரண்டு நோடில் ஒரே எண் இருப்பதே கம்பி பகிரப்படுகிறது என்று சொல்லிவிடுகிறது. அதைத் தாங்க முடியுமா என்பது டிரைவருக்குத்தான் தெரியும், அதனால் எந்த வகை அழைப்பு என்பதை டிரைவர்தான் தேர்ந்தெடுக்கிறது. புலப்படம் கிணற்றைக் காட்டும். முறை வைத்துக்கொள்வது பங்காளிகள் பாடு.

இங்கே ஒரு நுணுக்கம். அசர்ட், டிஅசர்ட் தவிர ரீசெட்_கன்ட்ரோல்_ரீசெட் என்று ஒரு அழைப்பு உண்டு: பிடித்து உடனே விடும் ஒற்றைத் துடிப்பு. சில வன்பொருளில் இது மட்டும்தான் முடியும், பிட்டை எழுதினால் தானே திரும்பி வந்துவிடும். ஷேர்ட் லைனில் இதைச் செய்தால் முதல் ஆளுக்குத்தான் துடிப்பு போகும். மற்றவர்கள் கேட்டால் ‘ஏற்கெனவே ஆச்சு’ என்று வெற்றியாகத் திரும்பும். மறுபடி வேண்டுமென்றால் எல்லோரும் ரீஆர்ம் (‘மறுபடி தட்டலாம்’ என்ற அழைப்பு) சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஷேர்ட் லைனில் துடிப்பையும் அசர்ட்-டிஅசர்ட்டையும் கலக்கக் கூடாது.

ஒரு லைன் பஸ்ஸுல இருக்கற அஞ்சு டிவைஸையும் சேத்து ரீசெட் பண்ணுது. அஞ்சு நோடிலயும் எழுதணுமா?

வேண்டாம். ஐந்தும் ஒரே பஸ்ஸின் பிள்ளைகள் என்றால் பஸ் நோடில் ஒரு தடவை எழுதுங்கள். பைண்டிங் ஆவணமே இதைத் தெளிவாகச் சொல்கிறது: எந்தெந்தத் தொகுதியை எந்த லைன் தொடுகிறது என்று பட்டியல் போடுவது நோக்கம் அல்ல, அந்த லைனை இயக்க யாருக்குத் தகுதியோ அவர் கையில் கொடுப்பதுதான் நோக்கம். ஐந்து நோடிலும் எழுதினால், எக்ஸ்க்ளூசிவாக வாங்கிய ஏதோ ஒரு டிரைவர் தன் வசதிக்குத் தட்ட, மற்ற நாலும் விழும்.

முன்பு சொன்ன யுஎஸ்பி ஜோடிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பெண் மடக்கினாள். அங்கே பொதுவான தாய் நோட் இல்லை, இரண்டு டிரைவரும் ஷேர்டாகக் கேட்கவே எழுதப்பட்டவை. எல்லைக்கோடு எப்போதும் கத்தியால் வெட்டியது போல இருக்காது. ‘இந்த லைனைத் தட்டினால் யார் அழுவார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், நோட் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கிளாக் பிட்டும் ரீசெட் பிட்டும் ஒரே ரெஜிஸ்டர் கூட்டத்துல கலந்து கிடக்கு. ரெண்டு நோட் போடட்டுமா, லினக்ஸ்ல ரெண்டு டிரைவர்தானே?

ஒரே நோட். அதில் #கிளாக்-செல்ஸ் ஒன்று, #ரீசெட்-செல்ஸ் ஒன்று. ஆல்வின்னரின் சிசியூ, ராக்சிப்பின் சிஆர்யூ, எஸ்டிஎம்32-இன் ஆர்சிசி எல்லாம் அப்படித்தான். வன்பொருளில் அது ஒரு தொகுதி, படத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரே முகவரிப் பரப்பை இரண்டு நோட் உரிமை கோரினால் ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா கதைதான். லினக்ஸுக்குள் இரண்டு டிரைவராகப் பிரிக்க ஆசைப்பட்டால் எம்எஃப்டி அல்லது ஆக்ஸிலியரி பஸ் என்ற கெர்னல் வசதிகளை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், அது உங்கள் வீட்டு விஷயம். ட்ரீக்குத் தெரிய வேண்டியதில்லை.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை: பை 4-இல் யுஎஸ்பி சிப்புக்கான ரீசெட்டை ரெஜிஸ்டர் பிட் எதுவும் செய்வதில்லை, ஃபர்ம்வேருக்குச் செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும். அதுவும் ட்ரீயில் ஒரு ரீசெட் கன்ட்ரோலர்தான். வாங்குகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாம் என்பதே இந்த ஏற்பாட்டின் அழகு.

வெளிய தனி சிப். அதோட ரீசெட் பின் ஒரு ஜிபிஐஓல இருக்கு. இதுக்கும் ரீசெட்ஸ்தானா?

ஜிபிஐஓ என்றால் மென்பொருள் நேரடியாக ஏற்றி இறக்கும் பொதுப் பின். தனியாக நிற்கும் சிப்புக்கு வழக்கம் ரீசெட்-ஜிபிஐஓஸ் ப்ராபர்ட்டி. ரீசெட் கன்ட்ரோலர் பைண்டிங் முதன்மையாக சிப்புக்கு உள்ளே ஓடும் லைன்களுக்கு. இரண்டு ஆம்ப்ளிஃபயர் சிப்புக்கு ஒரே ஜிபிஐஓ போகும் போர்டுகளில் முன்பு பெரிய தலைவலி, இரண்டாவது டிரைவருக்கு அந்த ஜிபிஐஓ கிடைக்காது. 6.9 கெர்னலில் ரீசெட்-ஜிபிஐஓ என்ற டிரைவர் வந்தது. ட்ரீயில் ரீசெட்-ஜிபிஐஓஸ் அப்படியே இருக்கும். டிரைவர் ரீசெட் அழைப்பால் கேட்டால் உள்ளே கூட்டுக் கிணறாக மாற்றிக் கொடுக்கும்.

இதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஆக்டிவ்-லோ. சர்க்யூட் படத்தில் பின் பெயருக்கு மேலே கோடு இருந்தால் 0 வோல்ட்டில் ரீசெட் என்று பொருள். ட்ரீயில் ஆக்டிவ்-லோ கொடி போடுங்கள், டிரைவரில் 1 எழுதினால் அசர்ட், 0 எழுதினால் டிஅசர்ட். மின்னழுத்தத்தைத் திருப்புவது ஜிபிஐஓ அடுக்கின் வேலை. ட்ரீயில் கொடியைத் தப்பாகப் போட்டு, டிரைவரிலும் தலைகீழாக எழுதி, இரண்டு தப்பும் சேர்ந்து சரியாக ஓடும் போர்டுகள் ஏராளம். பிற்பாடு யாராவது ஒரு பக்கத்தை மட்டும் நல்லெண்ணத்தில் திருத்தும் நாளில்தான் வெடிக்கும்.

எத்தனை மைக்ரோ செகண்ட் பிடிக்க வேண்டும் என்பது சிப்பைப் பொறுத்தது, டேட்டாஷீட் பார்த்து டிரைவரில் வையுங்கள். ஈதர்நெட் பிஎச்ஒய்க்கு மட்டும் ட்ரீயிலேயே ரீசெட்-அசர்ட்-யுஎஸ், ரீசெட்-டிஅசர்ட்-யுஎஸ் என்று இருக்கின்றன. ஒரே பொது டிரைவர் நூறு வகை பிஎச்ஒய்யைச் சமாளிப்பதால் வந்த விதிவிலக்கு.

-517ன்னு வருது, அப்புறம் எதுவுமே வரலை.

-517 பிழை அல்ல, ‘அப்புறம் வா’. ரீசெட் தருகிற டிரைவர் இன்னும் எழவில்லை. அது எழுந்ததும் கெர்னல் மறுபடி முயலும். எப்போதும் எழவே இல்லை என்றால் அதை கெர்னல் கான்ஃபிக்கில் சேர்க்க மறந்திருப்பீர்கள். டீபக்-எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் உள்நிலையைக் காட்டும் கோப்புத் தொகுதி) டிவைசஸ்_டிஃபர்ட் என்ற கோப்பைத் திறந்தால் யார் காத்திருக்கிறார்கள் என்று பட்டியல் இருக்கும். டிரைவரில் இந்த எண்ணைப் பெரிய எரராக அச்சடிக்காதீர்கள், டிஇவி_எர்_ப்ரோப் என்ற ஃபங்ஷன் இதற்காகவே இருக்கிறது.

சிஸ்டம் ரீபூட் ஆகறதும் இதே கன்ட்ரோலர்தானா?

இல்லை, அது வேறு வழி. பிஎஸ்சிஐ, வாட்ச்டாக், ஜிபிஐஓ-ரீஸ்டார்ட், சிஸ்கான்-ரீபூட் என்று அதற்குத் தனிக் கூட்டம் உண்டு.

போர்டு கைல வர்றதுக்கு முன்னாடியே தப்பு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பைண்டிங்குகள் இப்போது கருவிகளும் படிக்கக்கூடிய யாமல் வடிவில் இருப்பதால் கெர்னல் மூலத்திலேயே டிடிபிஎஸ்_செக் என்ற சோதனையை ஓட்டலாம். பைண்டிங்கே புதிதாக எழுதினால் டிடி_பைண்டிங்_செக். என் தோப்புக் கதையில் ‘ஈதர்நெட்’ என்று எழுதிய வரியை இது ஒரு நிமிடத்தில் பிடித்திருக்கும், அப்புறம் ஓட்டிப் பார்த்தேன், பிடித்தது. எண் 37-க்கு பதில் 38 என்பதை மட்டும் எந்தக் கருவியும் பிடிக்காது, அதற்கு மேனுவலும் கண்ணும்தான். போர்டு வந்த பின் உண்மையில் எந்த ட்ரீ ஏறியிருக்கிறது என்று ப்ராக் கோப்புத் தொகுதிக்குள் டிவைஸ்-ட்ரீ என்ற அடைவில் பாருங்கள். திருத்தியது ஒரு கோப்பு, பூட் ஆனது வேறு கோப்பு என்பது வாரத்துக்கு ஒரு முறை நடக்கிறது.

பழைய பைண்டிங்ல ரீசெட்ஸ் இல்ல. இப்ப சேத்து ‘கட்டாயம்’னு போடலாமா?

வயலில் ஓடிக்கொண்டிருக்கும் போர்டுகளில் பழைய ட்ரீ இருக்கும். அவர்கள் கெர்னலை மட்டும் புதுப்பித்தால் ரீசெட்ஸ் இல்லை என்று டிரைவர் எழ மறுக்கும், நேற்று வரை ஓடியது இன்று ஓடாது. அதனால் டிரைவர் ஆப்ஷனலாகத்தான் கேட்க வேண்டும். ஆப்ஷனலைத் திட்டிவிட்டு இங்கே சொல்கிறேனே என்றால், அதற்கான நேர்மையான காரணம் இதுதான். பைண்டிங்கில் புதிய சிப்பின் கம்பேட்டிபிள் பெயருக்கு (நோட் எந்தச் சிப்புக்கானது என்று சொல்லும் பெயர்) மட்டும் கட்டாயம் என்று நிபந்தனை வைக்கலாம், பழையதற்குத் தொட வேண்டாம். டிரைவரிலும் அதே பிரிவு: புதிய சிப் என்றால் ஆப்ஷனல் இல்லாத அழைப்பு, பழையது என்றால் ஆப்ஷனல்.

பழைய ட்ரீயோடு சோதிக்காமல் பேட்ச் அனுப்பாதீர்கள். மாமா தோப்பில் இருப்பது இப்போதும் அந்தப் பழைய எஸ்டி கார்டுதான், வரி மட்டும் திருத்தியது.